ஒரே வீட்டில் இரண்டு ஒன்றாம் நம்பர்

ஃபெர்மோவுக்கும் அவன் அண்ணன் ஒத்தோரினோவுக்கும் பேச்சு நின்று இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. இருந்ததோ ஒரே வீட்டில். அண்ணன் மாடியில், தம்பி கீழே. தம்பி முகத்தில் விழிக்கக் கூடாது என்று ஒத்தோரினோ வெளிப்பக்கமாக ஓர் இரும்புப் படிக்கட்டு போட்டுக்கொண்டார். குளிர்காலத்தில் அதில் பனி உறைந்து இரண்டு தடவை வழுக்கி விழுந்தார். ஃபெர்மோ ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். தூக்கிவிடப் போகவில்லை. ஆனால் சிரிக்கவில்லை என்று மனைவி ஓலிவாவிடம் சத்தியம் செய்தான். அவள் நம்பவில்லை.

சண்டை ஒரு துப்பாக்கியில் தொடங்கியது. துப்பாக்கி செய்தே பிழைக்கிற ட்ரோம்பியா பள்ளத்தாக்கில் சண்டை வேறு எதில் தொடங்கும்? இங்கே ஆற்றங்கரையில் நின்று கல்லை விட்டெறிந்தால் குழல் கடைகிறவன் தலையிலோ கட்டை இழைக்கிறவன் தலையிலோதான் விழும். அவர்கள் அப்பா போர்த்தோலோ துப்பாக்கிக்குக் கட்டை இழைக்கிற ஆள். ட்ரெமோண்டி பட்டறையில் ஆயுசு முழுக்க வால்நட் மரத்தை இழைத்தார். ஒரு கோமகன் அந்தப் பட்டறையில் ஜோடித் துப்பாக்கி ஒன்றுக்குச் சொல்லிவைத்தார். அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு இரட்டைக் குழல் துப்பாக்கிகள். ஒன்றில் கோமகன் சுடுவார், பக்கத்தில் நிற்கிற ஆள் மற்றதில் தோட்டா போட்டுக்கொடுப்பான். இரண்டும் மாறிப்போகாமலிருக்க, குழலைத் திறக்க விரலால் தள்ளுகிற மேல்பிடியில் தங்கத்தில் ‘1’, ‘2’ என்று பதித்திருந்தார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு தோல் பெட்டி. பெட்டி முதலில் தயாராகிக் கோமகன் மாளிகைக்குப் போய்விட்டது. துப்பாக்கி போவதற்குள் கோமகன் போய்ச் சேர்ந்துவிட்டார். வாரிசுகளுக்கு வேட்டையும் பிடிக்கவில்லை, காசு கொடுக்கவும் பிடிக்கவில்லை. அந்த வருஷம் சம்பளம் கொடுக்க வக்கில்லாத பட்டறை முதலாளி, ஜோடியைத் தூக்கிப் போர்த்தோலோ கையில் கொடுத்துவிட்டார்.

சாகும் தறுவாயில் போர்த்தோலோ ஒன்றாம் நம்பரைச் சின்னவனுக்கும் இரண்டாம் நம்பரைப் பெரியவனுக்கும் கொடுத்தார். காரணமும் சொன்னார். ஒத்தோரினோ ஒரு தடவை, காட்டுப் பறவைகளைப் பாடி அழைப்பதற்காகப் பாதிரியார் கூண்டில் வைத்திருந்த பூங்குருவியைக் கூண்டோடு சுட்டுவிட்டார். “கூண்டுக்குள்ள இருக்கறத சுடறவனுக்கு ஒண்ணாம் நம்பர் எதுக்கு?” என்று கேட்டுவிட்டுக் கிழவர் கண்ணை மூடினார். பதில் சொல்ல ஒத்தோரினோவுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

வேறு ஊராக இருந்தால் ஆத்திரம் ஆத்திரத்தோடு போயிருக்கும். இங்கே ஆத்திரத்தைச் செய்துகொடுக்கத் தெருவுக்கு மூன்று பேர். அடுத்த வேட்டைக் காலத்தின் முதல் நாள், எவாரிஸ்தோவின் மதுக்கடைக்கு விடிகாலைக் காப்பிக்கு வந்த ஒத்தோரினோ துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்தார். மேல்பிடியில் தங்கத்தில் ‘1’ மின்னியது. பக்கத்தில் ஃபெர்மோவின் துப்பாக்கி. அதிலும் ‘1’.  கடையிலிருந்த ஒருவர் தன் காப்பிக்குள் இன்னும் கொஞ்சம் கிராப்பா சாராயம் ஊற்றச் சொன்னார். அன்றிலிருந்துதான் பேச்சு நின்றது.

நம்பரை மாற்றிக்கொடுத்தது, துப்பாக்கிகளில் சித்திரம் செதுக்குகிற அர்மீதா என்று ஊருக்கே தெரியும். அந்த அளவுக்குத் தங்கம் பதிக்க வேறு யாருக்கும் கை வராது. ஆனால் அவளிடம் கேட்க முடியாது. செதுக்குகிறவர்களுக்கு இங்கே ஒரு முறை உண்டு: துணியில் வந்தது துணியில் போகும். யார் கொண்டுவந்தார், என்ன செய்யச் சொன்னார் என்று மூச்சு விடக் கூடாது. கணவன் கேட்டாலும் போலீஸ் கேட்டாலும் அப்படித்தான். அர்மீதாவின் கணவன் நாற்பது வருஷமாகக் கேட்டுப் பார்த்துவிட்டு, இப்போது தோட்டவேலை செய்கிறான்.

இப்படியே இரண்டு பேரும் செத்திருப்பார்கள். நடுவில் மிலானிலிருந்து வக்கீல் மராஸி வந்தார்.

மராஸி பழைய துப்பாக்கி சேர்ப்பவர். ஒன்றையும் சுட மாட்டார். சத்தம் ஒத்துக்கொள்ளாது. ஓர் ஏலத்தில் அவருக்கு ஒரு தோல் பெட்டி கிடைத்தது. மூடியில் கோமகனின் முத்திரை, உள்ளே பச்சை வெல்வெட், இரண்டு துப்பாக்கிக்கான இரண்டு பள்ளம். பள்ளம் இரண்டும் காலி. வெறும் பெட்டியை வீட்டில் வைத்துப் பார்க்கப் பார்க்க அவருக்குத் தூக்கம் கெட்டது. விசாரித்து விசாரித்து ஃபெர்மோவின் சமையலறைக்கு வந்து சேர்ந்தார்.

தனித் துப்பாக்கி என்றால் ஒன்பதாயிரம் யூரோ, ஜோடியாக என்றால் நாற்பதாயிரம் என்றார்.

ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டுதானே என்று ஓலிவா கேட்டாள். வக்கீல் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “அம்மா, ஒத்தச் செருப்புக்கு என்ன வெல?” என்றார். பிறகு தன் கொள்கையைச் சொன்னார். துரு இருக்கலாம், கீறல் இருக்கலாம், கட்டை கறுத்திருக்கலாம். ஆனால் பிற்பாடு யார் கையும் பட்டிருக்கக் கூடாது. “சுருக்கம் விழுந்திருந்தா பரவால்ல. சாயம் பூசியிருக்கக் கூடாது.”

“சின்னதா ஏதாவது வேல பாத்திருந்தா?” என்று ஃபெர்மோ கேட்டான்.

“என்ன வேல?”

“சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.”

சனிக்கிழமை பெட்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டு வக்கீல் கிளம்பினார். ஃபெர்மோ நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். உருக்காலையில் அவனுக்கு ராத்திரி ஷிப்ட். பதினெட்டு வருஷமாக, ஊர் தூங்கும்போது அவன் உலை வெப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஊர் விழிக்கும்போது போர்வையை இழுத்து முகத்தை மூடினான். காதில் எப்போதும் ஓர் இரைச்சல். இஸேயோ ஏரிக்கரையில் அவன் மாமா பையனுக்குப் படகுக் கொட்டகை ஒன்று இருந்தது. காலால் மிதிக்கிற படகுகள், வெயில் காலத்தில் ஜெர்மன்காரர்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பார்கள். மாமா பையன் அதை விற்கப்போகிறான். இருபதாயிரம் கேட்கிறான், மாதக் கடைசிவரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறான். நாற்பதில் பாதி இருபது. ஜோடி விற்றால் ஃபெர்மோ இனி ஒரு ராத்திரிகூட உலைக்குப் போக வேண்டாம். பகலில் சூரியனைப் பார்க்கலாம். மிதிக்கிற படகில் மிதிக்காமல் உட்காரலாம்.

இடையில் ஒரே ஒரு தடை. அது மாடியில் இருந்தது.

அண்ணன் தம்பிதான் பேசுவதில்லை, பெண்டாட்டிகள் பேசாத நாளில்லை. மாடி ஜன்னலிலிருந்து செலஸ்தீனா கயிற்றில் கூடையை இறக்குவாள், கீழிருந்து ஓலிவா முட்டையோ கீரையோ போட்டு அனுப்புவாள். வக்கீலின் சேதியும் அன்றைக்குக் கூடையோடு மேலே போனது. சோள மாவோடு பதில் கீழே வந்தது. விற்கலாம், ஆனால் தன்னுடையதுதான் ஒன்றாம் நம்பர் என்கிறாராம் ஒத்தோரினோ.

“அது மாத்திக் கெடுத்த ஒண்ணுன்னு சொல்லுங்க அண்ணி!” என்று ஃபெர்மோ ஜன்னலைப் பார்த்துக் கத்தினான். கூடை சடாரென்று மேலே ஏறியது.

வேறு வழியில்லாமல் அன்று சாயங்காலம் ஃபெர்மோ எவாரிஸ்தோவின் கடைக்குப் போனான். ஒத்தோரினோ சீட்டாடிக்கொண்டிருந்தார். ஃபெர்மோ நேராக எதிரில் போய் நின்றான். ஒத்தோரினோ சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கடைக்காரரைக் கூப்பிட்டார்.

“எவாரிஸ்தோ, இங்க யாரோ வெளிச்சத்த மறைக்கிறாங்க.”

“எவாரிஸ்தோ,” என்றான் ஃபெர்மோ, “அவர்கிட்ட கேளு. மேல்பிடிய பழையபடி ரெண்டா மாத்தினா இருபதாயிரம். மாத்தலன்னா ஒண்ணுமில்ல. எது வேணும்?”

“எவாரிஸ்தோ, அவன்கிட்ட சொல்லு. மூத்தவன் நான். நான் பொறந்தப்ப இவன் எங்க இருந்தான்? ஒண்ணுக்கப்புறந்தான் ரெண்டு.”

“அப்பா சொன்னத கேளு எவாரிஸ்தோ.”

“குருவி விஷயத்த இவன் இழுத்தான்னா இந்தக் கோப்பைய மண்டையில ஒடைப்பேன்னு சொல்லு.”

“கோப்ப என்னுது,” என்றார் எவாரிஸ்தோ. “ரெண்டு பேரும் வெளியில போய்ப் பேசாம இருங்க.”

ஒத்தோரினோ எழுந்தார். அந்தத் துப்பாக்கியைத் தன்னோடு சவப்பெட்டியில் வைத்துப் புதைக்கச் சொல்லிவிட்டதாக எவாரிஸ்தோவிடம் தெரிவித்துவிட்டுப் போனார். ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்ததால் அவருக்கு அது நல்ல சமயமாகவும் அமைந்தது.

அன்றைய ஷிப்டில் ஃபெர்மோ உலையைப் பார்த்துக்கொண்டே யோசித்தான். அண்ணன் இறங்க மாட்டார். இறங்குகிற ஜாதியாக இருந்தால் இரும்புப் படிக்கட்டு போட்டிருக்க மாட்டார். ஒரு ஜோடிக்கு ஒன்றும் வேண்டும், இரண்டும் வேண்டும். ஒன்று மாடியில் இருக்கிறது, போலியாக இருந்தாலும் ஒன்றுதான். அப்படியென்றால் இரண்டு எங்கிருந்து வரும்? இந்தக் கணக்கு அவனுக்கு விடியும்வரை வயிற்றில் இறங்கவில்லை. இருபத்தாறு வருஷம் ‘அசல் ஒண்ணு என்னுதுதான்’ என்ற ஒரே தெம்பில் வாழ்ந்தவன் அவன். வேறு சொத்து கிடையாது. வேறு பெருமையும் கிடையாது. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது வெயில் கண்ணில் குத்தியது. ஓய்வு பெற இன்னும் ஒன்பது வருஷம், அதுவரை பகலைக் காணாத கண்தான் என்று நினைத்தான். வீட்டுக்குப் போய், துப்பாக்கியைப் பழைய போர்வைத் துணியில் சுற்றிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் அர்மீதாவிடம் போனான். அவள் கை பட்டால் வக்கீல் கண்ணுக்கும் தெரியாது என்று நம்பினான்.

அர்மீதா மேசை விளக்கடியில் குனிந்து ஒரு காட்டுப்பன்றிக்குக் கண் செதுக்கிக்கொண்டிருந்தாள். ஃபெர்மோ துணியைப் பிரித்தான். ஒன்றை இரண்டாக்க வேண்டும் என்றான். 

அர்மீதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் இன்னொரு நீள மூட்டை சாய்ந்திருந்தது. பச்சைத் துணி, மஞ்சள் பூப் போட்டது. ஃபெர்மோ அதைப் பார்த்தான். யாரோ துணியில் கொண்டுவந்தது, நமக்கென்ன என்று கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

“உங்கண்ணன்கிட்ட சொல்லிட்டியா?” என்று அர்மீதா கேட்டாள்.

“அவரோட எனக்குப் பேச்சில்லன்னு தெரியாதா?”

“தெரியும். பேசினா தேவல.”

“ஏன்?”

“சும்மா சொன்னேன்.”

“அண்ணனுக்குத் தெரியக் கூடாது. சனிக்கிழம மேசையில வச்சுப் பாக்கட்டும். பாத்துட்டு வெக்கப்படட்டும்.”

அர்மீதா அவனைப் பார்த்தாள், பச்சை மூட்டையைப் பார்த்தாள், காட்டுப்பன்றியைப் பார்த்தாள். வாய் வரைக்கும் வந்த வார்த்தையை அவள் தாத்தா சொல்லிக்கொடுத்த முறை தடுத்திருக்க வேண்டும். கடைசியில் வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள். கூலி வழக்கத்தைவிடக் குறைவாகக் கேட்டாள். ஃபெர்மோ அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை செலஸ்தீனாவும் ஓலிவாவும் விடிந்ததிலிருந்து முற்றத்தில் அடுப்பு மூட்டிக் கம்பியில் இறைச்சி சுற்றிக்கொண்டிருந்தார்கள். பன்றி, முயல், நடுநடுவே உருளைக்கிழங்கு, மேலே வெண்ணெய் சொட்டச் சொட்ட. பக்கத்தில் பெரிய பானையில் சோளக்களி. துப்பாக்கியோடு இறங்கி வருவதாக ஒத்தோரினோ கூடையில் சேதி அனுப்பியிருந்தார். அண்ணன் தம்பி ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது அப்பா சாவுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அதனால் ஐந்து பேருக்கு ஆனதைப் பத்துப் பேருக்குச் செய்திருந்தார்கள்.

வக்கீல் வந்தார். தோல் பெட்டியைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்து மேசையில் வைத்துத் திறந்தார். ஒரு பள்ளத்தின் ஓரத்தில் ‘1’, மற்றதில் ‘2’. ஃபெர்மோ மேசைக்கு இந்தப் பக்கம் நின்றான். இரும்புப் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. ஒத்தோரினோ ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் இறங்கி வந்தார். முகத்தில் ஒரு கம்பீரம். தம்பியைப் பார்த்து லேசாகத் தலையசைக்கவும் செய்தார். ஃபெர்மோவும் அதே கம்பீரத்தோடு தலையசைத்தான். பெருந்தன்மையாக நடந்துகொள்கிறவனுக்கு முகத்தில் ஒரு களை வரும். அந்த முற்றத்தில் அன்று இரண்டு பேருக்கு வந்திருந்தது.

ஒத்தோரினோ கையிலிருந்த மூட்டையை மேசையில் வைத்தார். பச்சைத் துணி. மஞ்சள் பூ.



ஒத்தோரினோ துணியைப் பிரித்தார். மேல்பிடியில் தங்கத்தில் ‘2’. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அர்மீதா அவ்வளவு அழகாகப் பதித்திருந்தாள். ஃபெர்மோவின் கை தன் துப்பாக்கியைத் துணியோடு இழுத்து மறைக்கப் பார்த்தது. ஓலிவா ஒன்றும் தெரியாமல் உதவிக்கு வந்து துணியை உருவினாள். ‘2’.



வக்கீல் ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார். “ஒண்ணாம் நம்பர் எங்க?” என்று கேட்டார். மேசைக்கு அடியில்கூட ஒரு பார்வை பார்த்தார். பிறகு குழல்களைக் கழற்றி உள்ளே பட்டறை அடித்த எண்களைப் படித்தார். அடுத்தடுத்த எண்கள். அசல் ஜோடிதான், கோமகனுடையதுதான், சந்தேகமே இல்லை. சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து மேல்பிடி இரண்டையும் பார்த்தார். ஃபெர்மோவுடையதில் ஒரு தடவை கை பட்டிருக்கிறது என்றார். ஒத்தோரினோவுடையதைப் பார்த்துவிட்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“இதுல ரெண்டு இருந்துது. அதத் தோண்டி இரும்ப வச்சு அடச்சு, ஒண்ணு பதிச்சிருக்கு. அப்புறம் அந்த ஒண்ண எடுத்துட்டு ரெண்டு. ஐயா, இது துப்பாக்கியா, ஸ்கூல் பலகையா?”

அதை யாரும் காதில் வாங்கவில்லை. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் வாயைத் திறந்தது ஒத்தோரினோ. இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு தம்பியிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

“டேய் கழுத. உன்ன யாருடா மாத்தச் சொன்னா?”

“உன்ன யாரு மாத்தச் சொன்னா? சவப்பெட்டியில வச்சுப் பொதைக்கப்போறேன்னு சொன்னியே?”

“செலஸ்தீனா அழுதாடா. நீ ராத்திரி ராத்திரி செத்துட்டிருக்கன்னு ஓலிவா சொன்னாளாம். சரி, போய்த் தொலையட்டும், சின்னவன்தானேன்னு எறங்கி வந்தேன்.”

“நானும்தான் எறங்கி வந்தேன்.”

“நான்தான் மொதல்ல எறங்கினேன்.”

“இல்ல, நான்தான் மொதல்ல.”

அங்கேயே புதுச் சண்டை பற்றிக்கொண்டது. துப்பாக்கியில் ஒன்று யார் என்பது போய், விட்டுக்கொடுத்ததில் ஒன்று யார் என்று ஆனது. நான் இந்த வாரத் தொடக்கத்திலேயே அர்மீதாவிடம் கொடுத்துவிட்டேன் என்றார் ஒத்தோரினோ. நானும் தொடக்கத்திலேயேதான் என்றான் ஃபெர்மோ. எவாரிஸ்தோவின் கடையிலிருந்த அர்மீதாவைக் கூட்டி வர ஆள் போனது. அவள் வந்தாள், மேசையில் இரண்டு இரண்டைப் பார்த்தாள், ஒரு துண்டு முயலை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டாள். யார் முதலில் வந்தார்கள் என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

“துணியில வந்தது துணியில போகும்,” என்றாள் அர்மீதா. “உப்பு கொஞ்சம் தூக்கல்.”

வக்கீல் இரண்டு தட்டு களி சாப்பிட்டார். கை பட்ட துப்பாக்கி வேண்டாம், தனித்தனியாக என்றால் ஆளுக்கு நாலாயிரம் தரலாம், அதுவும் இரக்கத்துக்கு என்றார். ஒத்தோரினோ அவரை இரக்கத்தோடு பெட்டியை மூடச் சொன்னார். அந்த நாலாயிரத்தையாவது வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் ஃபெர்மோவுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அண்ணன் பக்கத்தில் நின்று, “எங்க வீட்டு ஜோடியப் பிரிக்க மாட்டோம்,” என்று சொல்லிவிட்டார். மாடிக்கும் கீழுக்குமாக இத்தனை வருஷம் பிரித்து வைத்திருந்தவர் அவர்தான். இருந்தாலும் சண்டைச் சத்தம் கேட்டு முற்றத்தில் கூடிவிட்ட ஊர்க்காரர்கள் முன்னால் ஃபெர்மோவால் மறுத்துப் பேச முடியவில்லை. வெறும் பெட்டியோடு வக்கீல் மிலானுக்குப் போனார்.

படகுக் கொட்டகையை மாமா பையன் ஒரு பெர்காமோக்காரனுக்கு விற்றான். பெர்காமோக்காரன். இந்தப் பள்ளத்தாக்குக்குப் பரம்பரை எதிரி. அதைத்தான் ஃபெர்மோவால் ஜீரணிக்க முடியவில்லை. திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போனான். உலை அங்கேயே இருந்தது. வெப்பமும் அதேதான்.

இப்போதெல்லாம் தினமும் ஷிப்ட் நடுவில் அவன் போன் அடிக்கும். ஒத்தோரினோவுக்கு வயசாகிவிட்டது, தூக்கம் வருவதில்லை. மல்லாந்து படுத்து யோசித்துப் புதுசாக ஒரு சாட்சியைக் கண்டுபிடித்திருப்பார். அன்றைக்கு மழை, அர்மீதாவின் வாசலில் தன் காலடி மட்டும்தான் இருந்தது என்பார். அன்றைக்கு மழையே இல்லை என்பான் ஃபெர்மோ. அரை மணி நேரம் போகும், சில நாள் ஒரு மணி நேரம். இடையில் அப்பாவைப் பற்றி, பாதிரியாரின் குருவியைப் பற்றி, முட்டியில் வருகிற வலியைப் பற்றி.

பச்சைத் துணி, மஞ்சள் பூ. அது செலஸ்தீனாவின் பழைய சமையலறைத் திரை. அவன் அர்மீதாவின் மேசைக்குப் போனபோது அது அங்கே ஏற்கெனவே சுவரில் சாய்ந்திருந்தது. முதலில் இறங்கியவர் யார் என்பது இந்த உலகத்தில் அர்மீதாவுக்குத் தெரியும், ஃபெர்மோவுக்குத் தெரியும். ஓலிவாவிடம்கூட அவன் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் ஜெயித்துவிடுவார். ஜெயித்தால் நிம்மதியாகத் தூங்கிவிடுவார். அப்புறம் போன் வராது.

“ஒத்துக்கோடா,” என்பார் ஒத்தோரினோ. “நான்தான் ஒண்ணு.”

ஃபெர்மோ உலையின் வெப்பமானி முள்ளைப் பார்த்துக்கொண்டே காப்பியை ஒரு மடக்கு குடிப்பான்.

“நிரூபி,” என்பான்.